இறங்கவும் எடை வேண்டும், மாப்பிள்ளை

என்னைச் சிரிக்கவைக்கும் முயற்சியைக் கடைசிவரை கைவிடாத அன்பு மாப்பிள்ளைக்கு,

உங்கள் முதலாம் ஆண்டு நினைவுக்குச் செய்தித்தாளில் படம் போட்டு நான்கு வரி எழுதலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். படத்தை வாசுகி தேர்ந்தெடுத்தாள். வரிகளை நான் எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். "மீளாத் துயரில் ஆழ்த்திவிட்டு" என்று தொடங்கி அப்படியே நிறுத்திவிட்டேன். அந்தச் சொற்களில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் உங்களிடம் நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அது நான்கு வரியில் அடங்காது. நீங்கள் பதில் சொல்லப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே இதை மற்றவர்களும் படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். யாருக்காவது விடை தெரிந்திருக்கலாம்.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் மனைவியும் என் தங்கையுமான வாசுகி மறுபடி வேலைக்குப் போகிறாள். மார்சிலிங்கிலிருந்து தெம்பனிஸ் வரை, சிங்கப்பூரின் வடக்கிலிருந்து கிழக்கு மூலைக்கு, தினமும் ரயிலில் போய்வருவது அவளுக்குச் சோர்வுதான். ஆனால் அந்தப் பயண நேரம் மட்டும்தான் தனக்கே தனக்கென்று இருப்பதாகச் சொல்கிறாள். மூத்தவள் கயல் தொடக்கநிலை ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். கணக்கில் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறாள். வாரத்தில் இரண்டு மாலை நான் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். சின்னவள் இனியாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. நீங்கள் இருந்திருந்தால் அதற்குள் அவளுக்கு எத்தனை பட்டப்பெயர் வைத்திருப்பீர்களோ.

உங்கள் பாறையேற்றக் கயிறுகள் ஸ்டோர் ரூமில் பத்திரமாக இருக்கின்றன. வாசுகி அவற்றை எடுத்து வெயிலில் உலர்த்தப் பார்த்தாள். வெயில் பட்டால் நைலான் வலுவிழக்கும் என்று தடுத்து, நிழலில் காயவைக்கச் சொன்னேன். இவ்வளவுதான் எனக்குத் தெரியும், மாப்பிள்ளை. ஒரு பொருளை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியும். அதை வைத்து என்ன செய்வது என்பது உங்கள் பாடமாக இருந்தது.

பிள்ளைகளைப் பாறை ஏற அழைத்துப்போகிறேன் என்று நீங்கள் முதலில் அறிவித்தபோது கயலுக்கு மூன்று வயது. சிராங்கூன் சாலையில் நாம் வழக்கமாகச் சாப்பிடும் கடையில், இலை போட்டு ரசத்துக்குக் காத்திருந்தோம். எத்தனை வயதில் தொடங்கலாம் என்று யார் வகுத்திருக்கிறார்கள், அங்கே மருத்துவமனை எவ்வளவு தூரம், காப்புறுதி பொருந்துமா என்று நான் வரிசையாகக் கேட்டேன். நீங்கள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "மச்சான், லிஃப்ட்டுக்குத்தான் சர்டிபிகேட் வேணும். புள்ளைங்களுக்கு ரெண்டு கையும் ரெண்டு காலும் போதும் லா," என்றீர்கள். மின்தூக்கிகளைச் சோதித்துச் சான்றளிப்பது என் தொழில் என்பதால் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஆனால் வந்தேன். குடும்பமாகப் பத்து மலைக்குப் போகும் பயணங்களில் இது எப்படியோ ஒரு பகுதியாகிவிட்டது. விடியுமுன் உங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, நெரிசலுக்கு முன்பே மலேசியாவுக்குள் போகும் காஸ்வே பாலத்தைக் கடந்துவிடுவோம். நானும் வாசுகியும் படியேறி முருகனைக் கும்பிட்டு இறங்கி வருவோம். அதற்குள் நீங்கள் பிள்ளைகளோடு மலையின் மறுபுறத்தில், அந்தச் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறையின் அடியில் பாய் விரித்திருப்பீர்கள்.

உங்கள் முறை எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. முதல் நாள் கயலை நீங்கள் ஏறவே விடவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பு இன்னும் உருவாகவில்லை, இடுப்புப் பட்டை மட்டும் போட்டால் தலைகீழாகிவிடுவார்கள் என்று சொல்லி, தோள்வரை வரும் முழு ஹார்னஸை மாட்டினீர்கள். தரையிலிருந்து ஒரு முழம் மேலே தொங்கவிட்டு ஊஞ்சல் ஆட்டினீர்கள். பிறகு பிஸ்கட். பிறகு நத்தைக் கூடு பொறுக்குதல். அவ்வளவுதான். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்டதற்கு, கல் எங்கேயும் ஓடிவிடாது என்றீர்கள்.

"ஏறு" என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. இறங்கி வந்தால் எதுவரை போனாய் என்று கேட்டதுமில்லை. "எந்தக் கல்லு நல்லா இருந்துச்சு?" என்பதுதான் உங்கள் கேள்வி. கயல் தான் பிடித்த கல்லைப் பற்றி ஒரு மனிதரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வாள். ஒன்றுக்குக் காது இருந்ததாம். இன்னொன்று குளிர்ந்து கிடந்ததாம்.

இனியாவுக்குக் காது குத்தியது நினைவிருக்கிறதா? லிட்டில் இந்தியா கோயில் மண்டபத்தில், தாய்மாமன் என்ற முறையில் என் மடியில் உட்காரவைத்தார்கள். என் சட்டை முழுவதும் அவள் கண்ணீரும் சந்தனமும். அடுத்த வாரமே பத்து மலை என்றீர்கள். புண் ஆறவில்லை, ஹெல்மெட் பட்டை உரசும் என்று நான் எதிர்த்தேன். நீங்கள் பஞ்சை உருட்டி அவள் காதுக்குப் பின்னால் வைத்துக் காட்டிவிட்டுச் சொன்னீர்கள்: "உங்க மடியில உட்காந்து அழுதாச்சு மச்சான். என் கயித்துல உட்காந்து கொஞ்சம் சிரிக்கட்டும்." அவள் சிரித்தாள். எனக்கு இன்றும் அந்தச் சிரிப்பு கேட்கிறது.

பிறகு உங்கள் வயிற்றில் அந்த நோய் வந்தது. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் இளைத்துக்கொண்டே போனீர்கள்; நாங்கள் பழச்சாறும் கஞ்சியும் கொண்டுவந்து, அப்படியே திரும்ப எடுத்துப்போனோம். பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு ஒரு நிமிடம்கூட நான் உங்கள் அறையில் நின்றதில்லை. தாதியர் யாரும் போகச் சொன்னதில்லை. நானாகத்தான் எழுந்துபோவேன்.

நீங்கள் போன பிறகு பிள்ளைகளின் ஏற்றத்தை யார் பார்த்துக்கொள்வது என்று யாரும் பேசவில்லை. என்னிடம் யாரும் ஒப்படைக்கவும் இல்லை. பள்ளி விடுமுறை நெருங்கியபோது இனியா கேட்டாள், எப்போது கல்லுக்குப் போவோம் என்று. வாசுகி அவளை என்னிடம் அனுப்பினாள். பெரிய முடிவுகளுக்கெல்லாம் அவள் செய்வது அதைத்தான். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசித்தபோது, முடியாது என்பதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஏறத் தெரிந்த பிள்ளைகள். நல்ல உபகரணங்கள். இல்லாமல்போனது கயிறு பிடிக்கும் ஆள் ஒருவர்தான்.

ஆகவே அதைக் கற்றுக்கொண்டேன். தெம்பனிஸில் ஓர் உள்ளரங்கில் வகுப்பு. என் வயதில் பாதிகூட இராத ஒரு பெண்தான் பயிற்சியாளர். முடிச்சு, பிடிப்பவர் இடுப்பில் கயிற்றைப் பூட்டித் திறக்கும் கருவி, கை மாற்றும் வரிசை, ஏறுபவரும் பிடிப்பவரும் ஒருவரை ஒருவர் சோதிக்கும் முறை எல்லாவற்றையும் கற்றேன். சோதனையில் தேறினேன். மின்தூக்கிக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதானே என்று நினைத்தேன்: கயிறு, எடை, தடை. நீங்கள் இருந்திருந்தால் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லிக் கேலி செய்திருப்பீர்கள்.

ஜூன் விடுமுறையில் போனோம். உங்கள் நண்பர் ஹஃபிஸும் தம் கூட்டாளி ஒருவரோடு அன்று அங்கே வருவதாக இருந்ததால் துணிந்தேன். உங்களோடு எத்தனையோ பாறைகளில் ஏறியவர், பிள்ளைகளுக்கு நன்றாகப் பழகியவர். அவர் மேலே போய்க் கொக்கியில் கயிற்றைக் கோத்து, ஏறுபவருக்கு ஒரு முனையும் பிடிப்பவருக்கு ஒரு முனையுமாகக் கீழே தொங்கவிட்டுவிட்டு, தம் கூட்டாளியோடு அடுத்த பாறைக்குப் போனார். உங்கள் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தேன். கயல் முதலில் ஏறி இறங்கினாள். ஒரு குறையுமில்லை.

அடுத்து இனியா. ஒரு வருடம் ஏறாமல் இருந்தவள் போலவே இல்லை. பல்லிக்குட்டி மாதிரி போனாள். மேலே கொக்கியைத் தொட்டுவிட்டு, "மாமா, இறக்குங்க," என்றாள்.

பின்னால் சாய்ந்து உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். விதிப்படி ஒரு கையைக் கயிற்றில் வைத்துக்கொண்டே கருவியைத் திறந்து மெதுவாக விட்டேன். கயிறு என் பக்கத்தில் தளர்ந்தது. அவள் வரவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டேன். கயிறு என் கைக்கு மேலே தொய்ந்து வளைந்தது. அவள் அங்கேயே இருந்தாள்.

"மாமா, விடுங்க."

"விட்டுட்டேன்டா."

"இல்ல. நீங்க விடல."

என்ன நடக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கயிறு மேலே பாறையின் விளிம்பில் உரசி வளைந்து வந்தது. அந்த உராய்வையும் என் பக்கம் தொங்கிய கயிற்றின் எடையையும் மீறிக் கீழே வர அவளிடம் எடை இல்லை. அவள் அவ்வளவு லேசு. இதில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை, மாப்பிள்ளை. ஆள் இல்லாத மின்தூக்கிப் பெட்டி, தடை விடுபட்டால் கீழே விழாது. எதிர் எடை இழுத்து மேலே போகும். புதிதாக வேலைக்கு வரும் பொறியாளர்களுக்கு முதல் வாரத்தில் நான் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். என் மருமகளைக் கயிற்றில் கட்டியபோது அது நினைவுக்கு வரவில்லை.

மேலும் விடலாமா? விட்டுக்கொண்டே இருந்து, ஒரு கணத்தில் உராய்வு விலகினால், தளர்ந்த கயிற்றின் அளவுக்கு அவள் சட்டென்று விழுவாள். விடாமல் நின்றால் அவள் அங்கேயே தொங்குவாள். கீழிருந்து அவளை இழுக்க என் கையில் எதுவுமில்லை. துள்ளிப் பார் என்றேன். அவள் பயந்து பாறையைக் கட்டிக்கொண்டாள். பிறகு, என்னை விட்டுவிட்டு, பாயில் உட்கார்ந்திருந்த வாசுகியிடம் முறையிட்டாள்.

"அம்மா, மாமாவை விடச் சொல்லுங்க. மாமா எல்லாத்துக்கும் நோ சொல்றாங்க."

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. கைக்கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கமுள்ளவன் அன்று பார்க்கவில்லை. கயல்தான் ஓடிப்போய் ஹஃபிஸை அழைத்து வந்தாள். அவர் ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். தம் கூட்டாளி கயிறு பிடிக்க, பக்கத்து வழியாக ஏறிப்போய் அவளுக்கு அருகே தொங்கிக்கொண்டார். இருவரும் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், எனக்குக் கேட்கவில்லை. பிறகு அவளைத் தம் ஹார்னஸோடு கோத்துக்கொண்டு, இரண்டு பேர் எடையாக இறங்கி வந்தார்.

இனியா நேராக அம்மாவிடம் போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் காஸ்வேயில் வண்டிகள் நகராமல் நின்றன. பின்இருக்கையில் இனியா தூங்கிவிட்டாள். அப்போதுதான் கயல் மெல்லச் சொன்னாள்: "அப்பா இனியாவுக்கு வால் கட்டுவாங்க மாமா."

அந்த மஞ்சள் கயிறு. நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அவள் ஹார்னஸின் கீழே ஒரு முனை, தரையில் வாசுகியின் கையில் மறுமுனை. குரங்குக்கு வால் முளைத்துவிட்டது என்று நீங்கள் சத்தம் போடுவீர்கள், அவள் மேலிருந்து குரங்கு மாதிரிக் கத்துவாள், வாசுகி சிரித்துக்கொண்டே இழுப்பாள், அவள் இறங்குவாள். எனக்கு அது விளையாட்டாகத்தான் தெரிந்தது. அன்று பையிலிருந்து அதை எடுத்தபோது, பாறையடியில் விளையாட்டுச் சாமான் கூடாது என்று ஓரமாக வைத்தேன்.

வாசுகியிடம் கேட்டேன், நீ பார்த்தாயா என்று. பார்த்தாள். "பார்த்தேன் அண்ணே. நீங்க கோர்ஸெல்லாம் படிச்சவங்க. புது முறையில வால் தேவையில்ல போலன்னு நெனச்சேன்." கயலும் பார்த்திருக்கிறாள். மாமா கோபித்துக்கொள்வார் என்று பேசாமல் இருந்திருக்கிறாள்.

நான் கோபக்காரன் அல்ல. உங்களுக்குத் தெரியும். ஆனால் நம் வீட்டில் அண்ணனைத் திருத்தும் வழக்கம் இல்லை. எங்கள் அப்பா போன பிறகு நான் சொல்வதே கடைசி என்று எப்படியோ ஆகிவிட்டது. அதை மதிக்காமல், எல்லார் முன்னிலையிலும் "மச்சான், இது தப்பு," என்று சொல்லும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. தங்கை மாப்பிள்ளைக்கு உள்ள கேலி உரிமை. நீங்கள் அதை இவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தினீர்கள் என்பதற்காக நான் எத்தனை முறை முகம் சுளித்திருக்கிறேன். இப்போது என்னைச் சுற்றி நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். அதில் ஒருத்தியை மேலே ஏற்றிவிட்டு இறக்கத் தெரியாமல் நின்றேன்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

சில நாள் கழித்து வாசுகி தொலைபேசியில் அழைத்தாள். இனியா நிறையச் சாப்பிடுகிறாள் என்றாள். உங்கள் மகளை உங்களுக்குத் தெரியும். அரை இட்லியை வாயில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பவள். அவள் தோசை கேட்கிறாள், இன்னொன்று கேட்கிறாள், பால் கேட்கிறாள். முதலில் எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஒருநாள் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி தட்டின் முன் உட்கார்ந்தாளாம். தினமும் பள்ளிக்குக் கிளம்புமுன் எடை மெஷினில் ஏறி நிற்கிறாள். முள் எங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஏதோ கணக்கு இருக்கிறது, சொல்ல மறுக்கிறாள்.

மறுபடி மேலே மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் சாப்பிடுகிறாள் என்று நான் முடிவு செய்தேன். அதற்கு ஏற்ற விளக்கமும் தயார் செய்தேன். அதற்குள் ஹஃபிஸ் என்னைப் பார்க்க வேண்டும் என்றார். தேக்கா சந்தையில் தேநீர் குடித்தோம். குடும்பத்தில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன் என்று தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். அன்று மேலே தொங்கிக்கொண்டிருந்தபோது, தான் ஏன் இறங்க முடியவில்லை என்று இனியா அவரிடம் கேட்டிருக்கிறாள். நீ ரொம்ப லேசு, அதனால்தான் என்று இவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவள் சற்று யோசித்துவிட்டு, அப்படியானால் என் அப்பாவும் இப்படித்தான் மாட்டிக்கொண்டிருக்கிறாரா என்று கேட்டாளாம்.

அவர், முதலில் நாம் கீழே போகலாம் என்று சொல்லி இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

மருத்துவமனையில் நீங்கள் சொன்னது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எலும்பாகிக் கிடந்த கையைத் தூக்கிக் காட்டி, "பாத்தீங்களா மச்சான், எவ்வளவு லேசாயிட்டேன். இனிமே எந்தப் பாறையும் என்னைத் தடுக்க முடியாது," என்றீர்கள். பிறகு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்த இனியாவிடம், "அப்பா சர்ருன்னு மேல போயிடுவேன்," என்று கையை உயர்த்திக் காட்டினீர்கள். அறையில் இருந்த அனைவரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். உங்கள் கேலிக்கு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்று ஒருநாள்தான் என்று நினைக்கிறேன்.

குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த நிலையில் பிள்ளையைச் சிரிக்கவைத்த தகப்பனைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அப்பா லேசாகிக்கொண்டே போனார், மேலே போனார். லேசானவர்கள் இறங்க முடியாது என்பதை அவள் தன் உடம்பாலேயே கண்டுகொண்டாள். பெரியவர்களோ அப்பா மேலே இருக்கிறார் என்று ஒரு வருடமாகச் சொல்லிவருகிறோம். மண்டாய் தகனச் சாலைக்கு நாங்கள் பிள்ளைகளை அழைத்துப்போகவில்லை. இந்த நியாயத்தில் எந்த இடத்தை நான் பிழை என்று காட்டுவேன்?

அவளுடைய பாலர் பள்ளி ஆசிரியையைக் கேட்டேன். எளிய சொற்களில் உண்மையைச் சொல்லுங்கள் என்றார். நல்ல அறிவுரை. எளிய சொற்கள் எனக்குக் கிடைத்துவிடும். எந்த உண்மை என்பதில்தான் நின்றுவிட்டேன்.

சென்ற மாதம் உங்கள் முதல் திதி வந்தது. படையலுக்கு உங்களுக்குப் பிடித்ததெல்லாம் செய்தார்கள்: உளுந்து வடை, வாழைக்காய் வறுவல், பால் பாயசம். தானே பரிமாற வேண்டும் என்று இனியா பிடிவாதம் பிடித்தாள். சோற்றை இலை நிறையக் குவித்தாள். வடையை அடுக்கினாள். போதும் என்று வாசுகி கையைப் பிடித்தபோது உதறிவிட்டு, அடுக்களையிலிருந்து ஒரு குவளை மைலோவும் கொண்டுவந்து வைத்தாள். மைலோ குடித்தால் உடம்பு ஏறும் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ.

சூடம் காட்டிவிட்டு, நீங்கள் வந்து சாப்பிடுவதற்காக எல்லாரும் அறையைவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அவள் கதவையே பார்த்தபடி நின்றாள். திறந்ததும் முதலில் உள்ளே ஓடினாள். இலையைக் குனிந்து பார்த்தாள். மைலோவைப் பார்த்தாள்.

"அப்பா ஒண்ணுமே சாப்பிடல."

உங்கள் தம்பி, சாமியாகிவிட்ட அப்பா சாப்பிட்டுவிட்டார், நம் கண்ணுக்குத் தெரியாது என்று சமாதானம் சொன்னார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்து, "அப்ப அப்பாவுக்கு வெயிட் ஏறிடுச்சா? எப்ப கீழ வருவாங்க?" என்று கேட்டாள்.

ஹஃபிஸ் சொன்னதை நான் அதுவரை வாசுகியிடம் சொல்லவில்லை. அவளுக்கு அந்தக் கணத்தில்தான் எல்லாம் புரிந்தது, முகத்தில் தெரிந்தது. என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க சொல்லுங்க," என்றாள்.

நான் இலைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். தயார் செய்துவைத்திருந்த விளக்கத்தை விட்டுவிட்டேன்.

"இனியா, அப்பா வரமாட்டாங்கம்மா. லேசா இருக்கிறதால இல்ல. இறந்துட்டாங்க. இறந்தவங்க திரும்ப வர்றதில்ல."

"ஏன்?"

"தெரியலம்மா."

"கோர்ஸ்ல சொல்லித் தரலையா?"

"இல்லம்மா. அதை யாருக்கும் சொல்லித் தர்றதில்ல."

அவள் அழுதிருந்தால் நான் தூக்கிக்கொண்டிருப்பேன். அவள் அழவில்லை. இலையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். இவ்வளவையும் இனி யார் சாப்பிடுவது என்று கேட்டாள். நாம்தான் என்றேன். ஒரு வடையை எடுத்துப் பாதியாகப் பிட்டு என் கையில் வைத்து, "நீங்க பாதி போதும் மாமா. நீங்க ஏற்கெனவே வெயிட்டு," என்றாள். கயல்தான் முதலில் சிரித்தாள். பிறகு வாசுகி சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து அடுக்களைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அன்று இனியா அளவாகத்தான் சாப்பிட்டாள். அதோடு தெளிந்துவிட்டாள் என்று உங்களுக்கு எழுத எனக்கும் ஆசைதான். மறுநாள் காலையில் பள்ளிச் சீருடையோடு மறுபடி எடை மெஷினில் ஏறி நின்றாளாம். நேற்று என்னிடம் வந்து, டிசம்பர் விடுமுறையில் கல்லுக்குப் போகலாமா என்று கேட்டாள். கண்ணில் பயம் இல்லை. வாசுகியைக் கேட்டேன். "நீங்க சொன்னா சரி அண்ணே," என்றாள். பார்த்தீர்களா? இத்தனைக்குப் பிறகும்.

இதுதான் நான் உங்களிடம் கேட்க வந்தது. அவள் எதற்காக ஏற விரும்புகிறாள்? நீங்கள் கற்றுக்கொடுத்தபடி கல்லைத் தொடுவதற்கா? அல்லது மேலே போய் உங்களைத் தேடுவதற்கா? கூடாது என்று நான் தடுத்தால், தான் லேசாக இருப்பது ஒரு குற்றம் என்று அவள் நினைப்பாள். போகலாம் என்றால், அங்கே நீங்கள் இல்லாததை அந்தக் கயிற்றின் நுனியில் தனியாகக் காண்பாள். எது சரி? நீங்கள் இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பீர்கள். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு விடை கிடைத்திருக்கும். எத்தனையோ முறை அப்படிக் கிடைத்திருக்கிறது. அதை நான் உங்களிடம் சொன்னதே இல்லை.

விடை இல்லாமலே ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். டிசம்பரில் அவளை அழைத்துப்போகிறேன். அவள் ஏறட்டும். உங்களைத் தேடத்தான் ஏறுகிறாள் என்றால் தேடட்டும். கீழே நின்றுகொண்டு சொல்லி அதை என்னால் நிறுத்த முடியாது. தேடி முடித்த பிறகு அவளைத் தரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. அந்த மஞ்சள் வாலை நானே கட்டுவேன்; அதில் இனிப் பிழை நேராது. ஆனால் இறங்கி வந்து, தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அவள் என்னை நிமிர்ந்து பார்ப்பாளே, மாப்பிள்ளை, அப்போது அவளிடம் என்ன சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் தாய்மாமன்,
உங்கள் மச்சான்
இரகுநாதன்